ராணுவக் கிளர்க்குக்கு வாசற்காவல் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு தங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, 'முன்னாள் ராணுவத்தினர் தேவை' என்று வந்ததையெல்லாம் பேனாவால் சுழித்தேன். மொத்தம் பதினொன்று. அதில் ஒன்பது செக்யூரிட்டி வேலை. ஒன்று ஏ.டி.எம். பண வண்டிக்குத் துப்பாக்கி லைசென்ஸுடன் ஆள். மிச்சம் ஒன்று டிரைவர், அதுவும் 'குடிப்பழக்கம் இல்லாதவர்' என்ற நிபந்தனையுடன். ராணுவக் கேன்டீனில் எங்களுக்குக் கிடைக்கும் மதுக் கோட்டாவை நினைத்துப் போட்டிருப்பார்கள் போல. சரி, அது இருக்கட்டும்.

நான் 1994ல் தரைப்படையில் சேர்ந்து 2018ல் ஹவில்தார் கிளர்க்காக வெளியே வந்தவன். அந்த 24 ஆண்டில் என் கையில் துப்பாக்கி இருந்த நேரத்தைவிடப் பஞ்சிங் மெஷின் இருந்த நேரம்தான் அதிகம். இப்போது காட்பாடியில் மாடி அறை ஒன்றில் சின்ன அலுவலகம் நடத்துகிறேன். போர்டில் 'எக்ஸிகியூட்டிவ் சப்போர்ட் சர்வீசஸ்' என்று எழுதியிருக்கிறது. தெருவில் யாருக்கும் அது விளங்கவில்லை, ஜெராக்ஸ் எடுக்க ஏறி வருகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து முதலாளிகள் ஒன்பது பேருக்கு நாங்கள்தான் அலுவலக உதவி. அவர்களுக்கு வரும் மெயிலைப் பிரித்து வைப்போம். யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று நாள் குறிப்போம். டிக்கெட், விசா, கூட்டக் குறிப்பு எல்லாம் பார்ப்போம். ஒப்புக்கொண்ட வேலையை ஒப்புக்கொண்ட தேதியில் செய்தார்களா என்று விடாமல் கேட்போம். பழைய காலத்தில் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருப்பாரே, ஏறக்குறைய அவர் வேலைதான், கணக்கு மட்டும் ஆடிட்டரிடம் போய்விட்டது.

எங்கள் ஊர் கணியம்பாடிப் பக்கம். பக்கத்து ஊரான கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். நான் வேலூரில் டைப்ரைட்டிங் ஆங்கிலம் லோயரும் ஹயரும் பாஸ் செய்திருந்ததால் கிளர்க்காக எடுத்துக்கொண்டார்கள். வெலிங்டனில் பயிற்சி. அதன் பிறகு வடக்கே பாதி, வடகிழக்கே பாதி. படையில் எங்களைப் 'பாபு' என்பார்கள். அதில் கொஞ்சம் மரியாதையும் நிறையக் கேலியும் இருக்கும். லீவு வேண்டும் என்றால் மரியாதை கூடும்.

பாபுவின் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது என்பதால் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, 'பிரிங் அப்'. மேலிடத்துக்கு 20ஆம் தேதி பதில் போக வேண்டும் என்றால், 17ஆம் தேதி காலை அந்த ஃபைல் யாரும் கேட்காமலே மேஜைக்கு வந்தாக வேண்டும். ஃபைலின் ஓரத்தில் 'பி.யூ. 17' என்று பென்சிலில் குறித்துவிட்டு, நீள நோட்டில் 17ஆம் தேதிக்கு நேராக ஃபைல் எண்ணை எழுதி வைப்போம். காலையில் வந்ததும் முதலில் திறப்பது அந்த நோட்டைத்தான். சாஹிப் மறக்கலாம், பாபு மறக்கக் கூடாது.

இன்னொன்று, 'பார்ட் டூ ஆர்டர்'. ஒரு ஜவானுக்குக் கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால், பதவி உயர்ந்தால் எல்லாம் இந்த ஆர்டரில் ஏற வேண்டும். அதை வைத்துத்தான் ரெக்கார்ட் ஆபீஸில் அவருடைய வாழ்க்கையே பதிவாகும். நான் சேர்ந்து மூன்றாம் ஆண்டு, திருநெல்வேலிக்காரர் ஒருவரின் மனைவி 'செல்வி'யைக் கடைசி எழுத்தில் தட்டுத் தவறி 'செல்வா' ஆக்கிவிட்டேன். ஒரே ஒரு எழுத்து. அதைத் திருத்த அஃபிடவிட், சான்று, மறுபடி ஆர்டர் என்று பதினான்கு மாதம் ஆயிற்று. அவர் என்னைத் திட்டவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் ஹெட் கிளர்க் அன்றிலிருந்து ஒவ்வொரு பெயரையும் எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படிக்க வைத்தார். சியரா, எக்கோ, லிமா, விக்டர், இந்தியா. செல்வி. இன்றும் டிராவல் ஏஜென்ட்டிடம் போனில் பெயர் சொல்லும்போது இப்படித்தான் சொல்கிறேன். அலுவலகத்தில் இருக்கும் இரண்டு பெண்களும் சிரிப்பார்கள். இப்போது அவர்களும் அப்படியே சொல்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தவன் 2018ல் வெளியே வந்ததும் எதிரே இருந்த வழிகள் மூன்று. வங்கியில் கிளர்க் பணியிடங்களில் 14.5 சதவீதம் எங்களுக்கு ஒதுக்கீடு உண்டு. அதற்குத் தேர்வு எழுத வேண்டும், எனக்குக் கணிதப் பகுதியில் ஏறவில்லை, இரண்டு முறை எழுதிவிட்டு விட்டுவிட்டேன். இரண்டாவது, 1986ல் தொடங்கிய நம் டெக்ஸ்கோ, அதாவது தமிழக அரசின் முன்னாள் படைவீரர் கழகம். பெரும்பாலும் காவல் பணிதான். மூன்றாவது, தனியார் செக்யூரிட்டி. காவல் வேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. என்னோடு ஸ்டோர் கீப்பராக இருந்தவர், ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்களை லெட்ஜரில் ஒன்று பிசகாமல் வைத்திருந்தவர், இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் இருக்கிறார். வருகிறவர் போகிறவர் பெயரைப் பதிவேட்டில் எழுதுகிறார், முத்து முத்தான கையெழுத்தில். கேஸ் சிலிண்டர்காரர் பெயரைக்கூட அவ்வளவு அழகாக எழுதத் தேவையில்லை. அந்த நோட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் தொழில் தொடங்கியது ஒரு இந்திக் கடிதத்தால். ஆம்பூரில் ஷூ அப்பர் ஏற்றுமதி செய்யும் ஒரு பாய்க்குக் கான்பூரிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருந்தது. அங்கே வாங்கிய சரக்கு தொடர்பான தகராறு. அவர் வீட்டில் உருது பேசுவார், ஆனால் நாகரி எழுத்து படிக்கத் தெரியாது. 'காட்பாடியில் ஒரு பவுஜி (பட்டாளத்துக்காரர்) இருக்கார்' என்று யாரோ சொல்லி, என்னிடம் கொண்டுவந்தார்கள். படித்துச் சொன்னேன். 'இதற்கு வக்கீல்தான் பதில் போட வேண்டும், நான் அல்ல. பதினைந்து நாள் கெடு' என்றும் சொன்னேன். அவர் ஐநூறு ரூபாய் நீட்டினார், வாங்கவில்லை. பழக்க தோஷம், அந்தத் தேதியை மட்டும் என் நோட்டில் எழுதி வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை போன் செய்து 'பதில் போயிற்றா?' என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நோட்டீஸ் அவர் காரின் டேஷ்போர்டில் கிடந்திருக்கிறது. மறுநாள் வக்கீலைப் பார்த்தார், அதற்கு மறுநாள் என்னைப் பார்க்க வந்தார். 'பவுஜி, இப்படி ஞாபகப்படுத்த மாதம் எவ்வளவு?' என்றார். இருபத்துநான்கு ஆண்டில் என் ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று யாரும் கேட்டதில்லை. நாலாயிரம் என்றேன். நான் வாயை மூடுவதற்குள் சரி என்றுவிட்டார். 'அவர் அவ்வளவு வேகமாகச் சரி சொன்னாரென்றால் நீங்கள் பாதி விலை சொல்லியிருக்கிறீர்கள்' என்றாள் என் மனைவி. அன்றிலிருந்து விலை பேசுவது அவள்தான்.

ராணுவத்தில் கற்றது எல்லாமே கைகொடுத்தது என்று நினைத்துவிட வேண்டாம். முதல் ஆண்டே பெரிதாகச் சொதப்பினேன். இத்தாலியில் சரக்கு வாங்கும் ஒரு பையர் சாம்பிளுக்கு ஒப்புதல் தராமல் இழுத்துக்கொண்டிருந்தார். பாய் 'கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்' என்றார். நான் கேட்டேன். பத்திகளுக்கு ஒன்று இரண்டு என்று எண் போட்டு, எங்கள் கடிதம் எண் இன்னது தேதி இன்னது என்று மேற்கோள் காட்டி, முடிவில் 'ஃபார் யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் நெசசரி ஆக்‌ஷன் ப்ளீஸ்' என்று எழுதி, வாரத்துக்கு ஒன்றாக அனுப்பினேன். மூன்றாவது மெயிலுக்குத் தலைப்பு 'ரிமைண்டர் 3'. யூனிட்டில் இது சாதாரணம், ஐந்தாவது ரிமைண்டருக்குத்தான் எவரும் அசைவார்கள். அந்த இத்தாலிக்காரர் பாய்க்குப் போன் போட்டு, 'நான் உங்களுக்கு ஏதாவது கடன் பாக்கியா?' என்று கேட்டிருக்கிறார்.

பாய் கோபப்படவில்லை. என்னை எதிரே உட்காரவைத்து, டீ வரவழைத்துவிட்டு, 'பவுஜி, அவர் நம்ம சிப்பாய் இல்லை. ஆர்டர் கொடுக்கறவர்' என்றார். அப்புறம் அவரே நாலு வரி சொல்லி எழுத வைத்தார். முதல் வரி அந்த ஆளின் மகள் கல்யாணத்தைப் பற்றி. சாம்பிள் நான்காம் வரியில்தான் வந்தது. இரண்டு நாளில் ஒப்புதல் வந்தது. மகள் கல்யாணத் தேதியையும் நோட்டில் ஏற்ற வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த வேலையில் காசு எதற்குத் தருகிறார்கள் என்று புரிய ஓர் உதாரணம். மிலன் நகரில் நடக்கும் தோல் கண்காட்சிக்கு ராணிப்பேட்டைக்காரர் ஒருவர் போவதாக இருந்தது. பாஸ்போர்ட் காலாவதியாக இரண்டு ஆண்டு இருந்தது, அதனால் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க ஒவ்வொரு பக்கமாகப் புரட்டும்போது பார்த்தேன், வெற்றுப் பக்கம் ஒன்றுதான் பாக்கி. ஷெங்கன் விசாவுக்கு இரண்டு வெற்றுப் பக்கமாவது வேண்டும். தட்கலில் புது பாஸ்போர்ட் எடுத்து, அதன் பிறகு விசா நேர்காணலுக்கு நாள் வாங்கினோம். சென்னையில் கவுன்டர் வரை போய்த் திரும்பி வந்திருந்தால் அந்த ஆண்டுக் கண்காட்சியே போயிருக்கும்.

பெயர் விஷயம் இன்னும் மோசம். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் அப்பா பெயர் முன்னால் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தபோது, என் வாடிக்கையாளர்கள் எல்லாருடைய பாஸ்போர்ட் பெயரும் ஏற்கெனவே என் நோட்டில் எழுத்து எழுத்தாக இருந்தது. யாருக்குச் சிக்கல் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இருவருக்கு. செல்வியின் கணவருக்கு நான் பட்ட கடனை இப்படித்தான் வட்டியோடு அடைக்கிறேன்.

பணம் வசூல் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சம்பளமும் பென்ஷனும் ஒன்றாம் தேதி பார்த்துப் பழகியவனுக்கு இது தனிக் கல்வி. ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், ஏழு மாதம் என் பில்லைக் கிடப்பில் போட்டது. நானோ கேட்கக் கூச்சப்பட்டேன். பிறகு ஓர் ஆடிட்டர் சொன்னார்: உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு வைத்திருக்கும் குறுந்தொழிலுக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தந்தாக வேண்டும். தராவிட்டால், 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவுப்படி, பணம் கொடுக்கும் வரை அந்தத் தொகையை அவர்கள் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. இந்தப் பிரிவு 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இதை அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு ஒரே ஒரு பணிவான மெயிலில் எழுதினேன், ரிமைண்டர் என்ற சொல் இல்லாமல். மார்ச் 28 அன்று முழுத் தொகையும் வந்தது. உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தொடப் போகிறது என்று தெரிந்ததும் ஜி.எஸ்.டி.யும் எடுத்தேன்.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன்.

ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் டி.ஜி.ஆர். (ஓய்வுபெறும் படையினரின் மறுவாழ்வைக் கவனிக்கும் மத்திய அலுவலகம்) மூலம் ஜவான்களுக்கு இலவசப் பயிற்சிகள் தருகிறார்கள். தமிழக அரசும் சும்மா இல்லை. 2024 சுதந்திர தின விழாவில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் தொழில் தொடங்க 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் என் தொழிலின் மூலதனம் என்ன? இரண்டு கணினி, ஸ்கேனருடன் ஒரு பிரிண்டர், இன்வெர்ட்டர், பூட்டும் இரும்பு பீரோ. ஒன்றரை லட்சத்தில் முடிந்துவிட்டது. எனக்கு இல்லாமல் போனது பணமல்ல, 'இவர் இன்ன வேலை தெரிந்தவர்' என்று முதலாளியிடம் சொல்ல ஓர் ஆள். அந்த பாய் காரில் நோட்டீஸைப் போட்டுவிட்டு மறக்காமல் இருந்திருந்தால் நானும் ஏதாவது ஒரு கேட்டில்தான் இருந்திருப்பேன்.

ஆகவே ஒவ்வொரு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் பதிவு செய்ய வருகிறவரிடம் 'என்ன ரேங்க்' என்பதோடு, 'உள்ளே என்ன வேலை பார்த்தீர்கள்' என்பதையும் எழுதி வாங்கட்டும். கிளர்க், ஸ்டோர் கீப்பர், கடற்படை ரைட்டர், விமானப்படை அட்மின் என்று தனித் தனிப் பட்டியல் போடட்டும். அதை அந்தந்த ஊர்த் தொழில் சங்கங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பட்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டாம், தபால் செலவுதான். தங்கள் விளம்பரப் பகுதியும் மனது வைத்தால் 'முன்னாள் படை அலுவலகப் பணியாளர்' என்று ஒரு துணைத் தலைப்பு போடலாம். முதல் விளம்பரத்துக்கு நான் காசு கட்டுகிறேன்.

எங்கள் தரப்பிலும் குறை உண்டு. பயோடேட்டாவில் எங்கள் ஆட்கள் 'பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டேன், லாங் ரோல் பராமரித்தேன்' என்று எழுதுகிறார்கள். தொழில் செய்கிறவருக்கு இது எந்தக் கிரகத்துப் பாஷை? '800 பேரின் பணிப் பதிவேட்டைப் பிழையில்லாமல் வைத்திருந்தேன், ரகசியக் கடிதங்கள் என் பொறுப்பில் இருந்தன' என்று எழுதினால் புரியும். ரகசியம் என்பதை அடிக்கோடிட்டே எழுதலாம். அண்ணன் தம்பி பாகப் பிரிவினைக் கடிதம் ஒன்று என் பீரோவில் எட்டு மாதம் இருந்தது, இரண்டு பேருமே என் வாடிக்கையாளர்கள். கடைசியில் ஒருவரை விட்டுவிட வேண்டியதாயிற்று. யாரை, ஏன் என்று என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

அவசரம் இதில்தான். நான்கு ஆண்டுக்குப் படையில் ஆள் எடுக்க 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டத்தில் கிளர்க் வேலைக்கும் பிள்ளைகளை எடுத்தார்கள், பிறகு அந்தப் பிரிவுக்கு 'ஆபீஸ் அசிஸ்டன்ட்' என்றே பெயர் வைத்தார்கள். நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம். மற்றவர்கள் சேவா நிதி என்ற மொத்தத் தொகை சுமார் 11.71 லட்சம் ரூபாயுடன் வீடு திரும்ப வேண்டும். தரைப்படையில் 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போன முதல் அணியினருக்கு 2027 தொடக்கத்தில் நான்கு ஆண்டு நிறைகிறது. நான் முதல் எட்டு மாதம் தாக்குப்பிடித்தது பென்ஷனால். அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பையன், நான்கு ஆண்டு அலுவலகத்தில் வேலை கற்றவன், ஊருக்கு வந்ததும் அவன் கையில் ஒரு விசிலையும் நீல நிறச் சட்டையையும் கொடுப்பதா?

வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் அப்படி வருகிற பிள்ளைகளில் மாதம் இருவரை என் அலுவலகத்தில் உட்காரவைத்துக் கற்றுத்தரத் தயாராக இருக்கிறேன். கட்டணம் இல்லை, சாப்பாடு அவரவர் கொண்டுவர வேண்டும். நீள நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று போதும். என் முகவரியும் எண்ணும் தங்கள் அலுவலகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், கேட்பவர்களுக்குத் தரலாம். மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் போன் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இத்தாலிக்காரர்கள் மதியச் சாப்பாடு முடித்துவிட்டு அப்போதுதான் எழுத உட்காருகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் (கிளர்க்),
காட்பாடி, வேலூர் மாவட்டம்.